அறுவை சிகிச்சைக்குப் பின் மீள்பயிற்சி

ஆபரேஷன் முடிந்தவர் மூச்சுப் பயிற்சி, நடை, தசைப் பயிற்சி என்று சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பழைய வேலைக்குத் திரும்புவது மீள்பயிற்சி. தமிழ்நாட்டில் இதன் வரலாற்றை வேலூரிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும். இன்று அதற்குக் கடினமான களம், திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையில் இருக்கும் பெரும்பாறை போன்ற ஊர்கள்.

'பச்சை உடம்பு, அசையாமல் படு' என்பது நம் வீடுகளில் மட்டும் சொல்லப்பட்டதல்ல. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவமும் அதையே சொன்னது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் ஓய்வே மருந்து என்று சொற்பொழிவாற்றி, 1863-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். வயிற்றில் கத்தி பட்டவர் வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பது அன்று வழக்கம். 1899-இல் சிகாகோவின் எமில் ரீஸ் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவிட்டார். அதிகம் பேர் பின்பற்றவில்லை. இரண்டாம் உலகப் போரில் கட்டில்களும் ஆட்களும் போதாமல் போன பிறகே கருத்து மாறத் தொடங்கியது. டெட்ராய்டின் டேனியல் லைத்தாசர் 1946-இல் சீக்கிரம் எழுந்து நடப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மறு ஆண்டு, படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பட்டியலிட்டு ரிச்சர்ட் ஆஷர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்.

காரணங்கள் எளியவை. அசையாத காலில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆழமாக மூச்சு விடாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். குடல் மந்தமாகும், தசை கரையும். ஆனால் அவசரமும் ஆகாது. தையல் பிரித்ததும் புண் ஆறிவிட்டது என்று நினைப்பது தவறு. வெட்டிய தோல் 3 வாரத்தில் பழைய வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெறுகிறது. ஐந்தில் நான்கு பங்கை எட்ட சுமார் 3 மாதம் ஆகும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவரிடம் குறைந்தது 6 வாரம் கனம் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்வது இதனால்தான். மீறினால் வெட்டிய இடத்திலேயே குடலிறக்கம் வரக்கூடும்.

நடக்கச் சொல்வது மட்டும் மீள்பயிற்சி ஆகாது, உடம்புக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதும் அதில் உண்டு என்று காட்டியது வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், மடங்கிப்போன கைகளிலும் நல்ல வலுவுள்ள தசைகள் மிஞ்சியிருப்பதைக் கவனித்தார். செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய, நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய்த் தைத்தார். ஆபரேஷன் அத்தோடு முடிந்தது, வேலை முடியவில்லை. சுமார் 3 வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்தால், கைக்குச் சொந்தக்காரருக்கே அந்தக் கை புரியாது. நேற்றுவரை விரலின் நடு மூட்டை மடக்கிய தசை இன்று விரலை நீட்டியபடி அதன் அடி மூட்டை மட்டும் மடக்க வேண்டும். எந்தத் தசையை எடுக்கப் போகிறோம் என்று ஆபரேஷனுக்கு முன்பே காட்டி, தனியாக அசைத்துப் பழக்கினார்கள். பிறகு தினமும் கொஞ்ச நேரம், கொஞ்சம் அசைவு.

அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தொழுநோய் தாக்கிய கைக்கு வலி தெரியாது. நமக்கெல்லாம் 'போதும், நிறுத்து' என்று சொல்வது வலிதான். அது இல்லாதவர் ஆர்வத்தில் அளவு மீறிப் பயிற்சி செய்து மூட்டைக் கெடுத்துக்கொள்வார். ஆகவே கையைத் தொட்டுச் சூடு பார்த்தார்கள், வீக்கம் பார்த்தார்கள். சூடு ஏறியிருந்தால் அன்று ஓய்வு. இன்றும் முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது பொருந்தும்: மாலையில் மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் காலையில் செய்தது அதிகம். 1951-இல் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் ஆபரேஷன் முடிந்தவர்கள் தச்சு வேலை கற்றார்கள். பயிற்சி பிழைப்பாகவும் ஆனது.

பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூர் பாகாயத்தில் 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் இவரைவிடப் பெரிய பெயர்கள் அதிகமில்லை என்பேன்.

அதன் பிறகு வேகம் கூடியது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-இல் ஆர்.வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட், வலி குறைப்பு, சீக்கிரம் உணவு, சீக்கிரம் நடை ஆகியவற்றை ஒரே திட்டமாக இணைத்தார். ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிறுத்துவது இப்போது பல மருத்துவமனைகளில் வழக்கம்.

சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் வீட்டுக்கும் அனுப்புவார்கள். அந்த வீடு பெரும்பாறையில் இருந்தால்? 'தினமும் அரை மணி சமதளத்தில் நடங்கள்' என்று சீட்டில் எழுதியிருக்கும். இங்கே வாசலை விட்டு இறங்கினாலே மேடு அல்லது இறக்கம். காப்பியும் மிளகும் வாழையும் விளையும் மலை இது. காப்பிப் பழம் பறிப்பவர் இடுப்பில் பை கட்டிச் சரிவில் நிற்க வேண்டும். நிறைய நிறைய அந்தக் கனம் அடிவயிற்றை இழுக்கும். சிசேரியனோ கருத்தடை ஆபரேஷனோ செய்துகொண்ட பெண்ணுக்கு முதலில் விலக்க வேண்டியது அந்தப் பை. வடகிழக்குப் பருவமழையில் பாதை முழுக்க ஈர இலை, வழுக்கல்.

ஆனாலும் வழி உண்டு. தோட்டங்களில் காப்பி உலர்த்தும் சிமென்ட் களம் நல்ல சமதளம். பறிப்பு இல்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும். முழங்கால், இடுப்பு ஆபரேஷன் ஆனவர் அங்கே சுற்றி வரலாம், ஏனென்றால் மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை. படியானாலும் சரிவானாலும் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்கட்டும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், டாக்டர் சரிவில் நடக்க அனுமதித்த பிறகு, வீட்டிலிருந்து மேட்டுப் பக்கம் புறப்படுவது நல்லது. களைத்துத் திரும்பும் வழி இறக்கமாக இருக்கும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு தடைபட்டால் வேகம் அதிகம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நடையை நிறுத்தி அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். காயத்தில் சீழ் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் அடங்கும். மலை ஊருக்கு இது பெரிய உதவி. அந்த ஊழியர் வரும் நாளில் அறைக்குள்ளேயே பயிற்சி பார்க்காமல், அவரை வாசலுக்கு அழைத்துப் போய், தினம் நடக்கும் பாதையைக் காட்டி, எதுவரை போகலாம் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் டாக்டர்களும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டு வாசல் மேடா, பள்ளமா?