மரம் முன்னா, கம்பி முன்னா

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் 18ஆவது பிரிவு மரங்களைப் பற்றியது. தந்திக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு மரம் நின்றாலும் சரி, விழுந்து கிடந்தாலும் சரி, அது தகவல்போக்கைத் தடுக்கிறது என்றோ இனித் தடுக்கக்கூடும் என்றோ தந்தித் துறை விண்ணப்பித்தால் மாஜிஸ்திரேட் அதை அகற்ற உத்தரவிடலாம். அடுத்த உட்பிரிவுதான் சுவாரசியம். கம்பி போடுவதற்கு முன்பே இருந்த மரம் என்றால் அதற்கு உரியவர்களுக்கு இழப்பீடு உண்டு. கம்பி வந்தபிறகு முளைத்த மரத்துக்கு அந்த உரிமை கிடையாது. ஆக, மாஜிஸ்திரேட் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: மரம் முன்னா, கம்பி முன்னா?

‘புயலில் மரம் முறிந்து விழுந்து போக்குவரத்து பாதிப்பு’ என்று ஒவ்வொரு கார்த்திகையிலும் மார்கழியிலும் செய்தி வரும்போது எனக்கு இந்தப் பிரிவுதான் ஞாபகத்துக்கு வரும். அந்தச் செய்தியில் மரம் வெளியிலிருந்து வந்து போக்குவரத்துக்குள் புகுந்துவிட்டது போன்ற தொனி இருக்கும். ஆனால் நம் ஊரில் சாலையையும் மரத்தையும் ஒன்றாகத்தான் போட்டார்கள். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் வேண்டி வழியோரங்களில் ஆலமரம் வைத்ததை அசோகர் தன் ஏழாவது தூண் சாசனத்தில் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார். மதுரையில் ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை ஆண்டார். தெற்கே பல ஊர்களில் இன்றும் பழைய சாலையை மங்கம்மா சாலை என்றுதான் சொல்கிறார்கள், மரமும் சத்திரமும் சேர்ந்த நினைவாக. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் புளி. நிழலுக்கு நிழல், காய்க்கு வருமானம். சாலையோரப் புளியமரத்தின் அடியில் வெள்ளையும் கறுப்பும் பூசி எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. நெடுஞ்சாலைத் துறை மகசூலை ஏலம் விடுவதற்கான கணக்கு எண் அது. ரேஷன் கார்டு இல்லாத மனிதர்கள் இருந்த காலத்திலும் இந்த மரங்களுக்கு அரசாங்கப் பதிவு இருந்தது.

அந்தக் காலத்திலும் மரம் விழுந்திருக்கும். விழுந்தால் என்ன ஆகியிருக்கும்? மாட்டுவண்டிக்காரன் வண்டியை வயலில் இறக்கி, கிளையைச் சுற்றி, அந்தப் பக்கம் ஏறியிருப்பான். நடந்து போகிறவனுக்கு அதுவும் வேண்டாம். மரம் விழுவது ‘போக்குவரத்து பாதிப்பு’ ஆக வேண்டுமென்றால், விலகிப் போகத் தெரியாத ஒரு வண்டி வேண்டும். ரயில் அப்படி ஒன்று. அதிலும் மின்சார ரயில் இன்னும் மோசம். சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931இல் மின்சார ரயில் வந்தது. 1960களில் மின்கம்பி தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் வரை நீண்டது. கரி என்ஜினுக்குத் தண்டவாளத்தில் எதுவும் கிடக்காமல் இருந்தால் போதும். மின்சார ரயிலுக்குத் தலைக்கு மேலும் சுத்தமாக இருக்கவேண்டும். கம்பியின்மேல் ஒரு வாகைக்கிளை சாய்ந்தால் அந்தத் தடத்தில் எல்லா வண்டியும் நிற்கும். நம் பயணம் வேகமாக ஆக ஆக, அதை நிறுத்துவதற்குத் தேவையான மரத்தின் அளவு சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா. பாகிஸ்தான் கொடுத்த பெயர், ரோஜா என்று பொருள். பிற்பகலில் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. 1994 அக்டோபர் கடைசியில் வந்த புயலுக்குப் பிறகு சென்னை நேராக வாங்கிய பெரிய அடி. விமான நிலையத்தை மூடினார்கள், புறநகர் ரயில்கள் நின்றன, வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்து பூங்காவைப் பல வாரங்கள் திறக்கவே முடியவில்லை. சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் 16ஆம் தேதி தொடங்கவேண்டும் என்பதால் ஆடுகளத்தைக் கரி நெருப்பு வைத்துக் காயவைத்தார்கள். கருண் நாயர் 303 அடித்த மேட்ச் அது. பலருக்கு வர்தா என்றால் அதுதான் ஞாபகம்.

எனக்கு ஞாபகம் வேறு. அப்போது ஒரகடத்தில் ஒரு உதிரிபாக கம்பெனியில் டிரெய்னியாக இருந்தேன், ரூம் சிங்கப்பெருமாள் கோவிலில், ரயில்வே கேட்டுக்குப் பக்கம். அன்றைக்குப் பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை. தனியார் நிறுவனங்களும் விடுமுறை விடலாம், அல்லது வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதிக்கலாம் என்று அரசு கேட்டுக்கொண்டது. பிரஸ் ஷாப்பில் நிற்கிறவன் வீட்டிலிருந்து எப்படி வேலை பார்ப்பான் என்று காலை ஷிப்டில் நாங்கள் சிரித்துக்கொண்டோம். மதியம் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஆப்பூர் மலைக்கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் லாரிகள், கம்பெனி பஸ்கள், இரண்டு ஆம்புலன்ஸ். குறுக்கே ஒரு புளியமரம்.

“எவ்ளோ நேரம்ணே ஆவும்?”

“ஜேசிபி வரணும்ப்பா. அது வர்ற வழியில இன்னொரு மரம் கெடக்குதாம்.”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் பாதி அழிந்த வெள்ளை எண் இருந்தது. வேரைப் பார்த்ததும்தான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஒரு தாம்பாளத் தட்டு மாதிரி மேலாக்கில் இருந்தது. சாலைப் பக்கத்து வேர்கள் முறிந்தவை அல்ல, நேர்கோட்டில் வெட்டுப்பட்டவை. வெட்டிய முனை கறுத்துப் பழசாகியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலை மாநில நெடுஞ்சாலை 57. தொழிற்சாலைகளுக்காக அதை அகலப்படுத்தியபோது வரிசையாக நின்ற மரங்கள் போய், ஓரத்தில் தப்பித்த ஒன்றிரண்டில் இது ஒன்று. தப்பித்தது என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம். மறுபக்கம் கேபிளுக்குத் தோண்டி மூடிய பள்ளம். இரண்டுக்கும் நடுவே ஒற்றைக்காலில் நின்ற மரத்தை வர்தா லேசாகத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜேசிபி வரவில்லை. ஊர்க்காரர்கள்தான் அரிவாள், கோடாரி, தாம்புக்கயிற்றோடு வந்தார்கள். பஸ்ஸிலிருந்த ஒடிசா பையன்கள் நாலைந்து பேர் சொல்லாமலே இறங்கிக் கிளைகளை இழுத்தார்கள். ஒடிசாக்காரனுக்குப் புயலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் போகும் அகலத்துக்கு வழி கிடைக்க இருட்டிவிட்டது. நாங்கள் நடந்தே ஊர் சேர்ந்தோம்.

பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கையில் 2000 ரூபாய் நோட்டு, சில்லறை கிடையாது. கரண்ட் இல்லாததால் ஏடிஎம் இல்லை, கார்டு மெஷின் இல்லை. ரூமில் இண்டக்ஷன் அடுப்பு வைத்துச் சமைத்தவர்கள் வாசலில் மூன்று செங்கல் கூட்டினார்கள். விறகுக்குப் பஞ்சமில்லை, ஊரே விறகாகக் கிடந்தது. அந்த வாரம் சிங்கப்பெருமாள் கோவில் தெருக்களில் வேப்பங்கிளையும் புங்கங்கிளையும் எரிந்த பச்சைப்புகை வாசனை எங்கும் இருந்தது. ஆடுகளுக்கு மட்டும் தீபாவளி.

இரண்டு நாள் லைன் ஓடவில்லை. இங்கேதான் அந்த 18ஆவது பிரிவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வருகிறான். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி, இயற்கைப் பேரிடரால் வேலை கொடுக்க முடியாமல் போனால் அது ‘லே-ஆஃப்’. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த, மஸ்டர் ரோலில் பெயர் உள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 50 சதவீதம் தரவேண்டியிருந்தது. பதிலியாக, தற்காலிகமாக வேலை பார்த்தவருக்குக் கிடையாது. இங்கேயும் கேள்வி அதேதான்: நீ முன்னா, பின்னா? எங்கள் இடத்தில் நிரந்தரத் தொழிலாளிகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டச் சொன்னார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் எங்களுக்கும் இரண்டு நாள் சம்பளம் போனது. மரத்தை இழுத்துப் போட்ட அந்த ஒடிசா பையன்களுக்கும்தான்.

வர்தாவுக்குப் பிறகு ஒரு பேச்சு பரவலாக ஓடியது. வெளிநாட்டு மரமெல்லாம் விழுந்துச்சு, நாட்டு மரமெல்லாம் நின்னுச்சு என்று. இதில் பாதி உண்மை. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி எல்லாம் சீக்கிரம் வளர்ந்து குடைவிரித்து நிழல் தரும் என்று நட்டவை. தலை கனம், கிளை மென்மை. பனையோ காற்றை விட்டுக்கொடுத்து நிற்கும். மீதிப் பாதி சரியில்லை. புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அரபிக்காரன் அதை இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்துக் கூப்பிட்டதால் அது நம் பிள்ளை ஆகிவிட்டது. அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைவிட நாட்டுமரம் எது? அதன் தாய்மரம் 1989இல் ஒரு புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகள் தாங்கியதால் அது இன்றும் தோப்பாக நிற்கிறது. மரத்தின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதைவிட அதன் காலடியைப் பார்ப்பது நல்லது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்திருந்தது. நாள்கணக்கில் பெய்து மண் ஊறிப்போனதால் விழுந்தது என்று சொல்லவும் வழியில்லை.

காலடியைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. 1987 அக்டோபர் 16 அதிகாலை, தெற்கு இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்த பெரும்புயல். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1798இல் நட்ட டர்னர் ஓக் என்ற மரம் சில வருடங்களாகவே நோஞ்சானாக இருந்தது. புயல் அதை வேரோடு தூக்கி, அதே குழியில் திரும்ப உட்காரவைத்தது. அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று முட்டுக்கொடுத்து விட்டுவிட்டு, மற்ற மரங்களைக் கவனிக்கப் போய்விட்டார்கள். மூன்று வருடம் கழித்து வந்து பார்த்தால் மரம் தளதளவென்று இருக்கிறது. இத்தனை காலம் பார்வையாளர்கள் மிதித்து மிதித்து மண் இறுகி, வேர் மூச்சுவிட முடியாமல் இருந்திருக்கிறது. புயல் ஒருமுறை குலுக்கியதில் மண் இளகிக் காற்றும் நீரும் உள்ளே போயின. அதற்குப் பிறகு வயதான மரங்களின் அடிமண்ணைக் காற்றழுத்தக் கருவியால் இளக்குவது அங்கே ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. மனிதக் காலடிக்கே இந்தக் கதி என்றால், அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசி, மேலே கன்டெய்னர் லாரி ஓடும் மண்ணுக்குள் வேர் என்ன செய்யும்?

மரம் சாய்ந்து செத்தவர்கள் உண்டு என்பதை மறந்துவிட்டு நான் பேசவில்லை. பேரிடர் நிவாரண விதிப்படி ஒரு உயிருக்கு 4 லட்சம் ரூபாய். டூவீலரில் போகும் மனிதனுக்கு, மேலே விழுவது நாட்டு மரமா வெளிநாட்டு மரமா என்பதில் ஒன்றும் இல்லை. ஆபத்தான மரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஆபத்தை நாமே உண்டாக்கிவிட்டு, விழுந்த அன்றைக்கு மட்டும் அதை இயற்கையின் பெயரில் எழுதுவது கணக்குப் பித்தலாட்டம்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே கரையேறியது. எங்கள் ஊருக்கு வர்தாவைவிட நெருக்கம். காற்று அந்த அளவு இல்லைதான். மறுநாள் காலை நான் போனவரை ஜிஎஸ்டி சாலை தடங்கலில்லாமல் ஓடியது. தாம்பரம் – திண்டிவனம் சாலையை நான்கு வழியாக்கியபோதே பழைய புளியமரங்கள் போய்விட்டன. விழுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நடுவில் வைத்திருக்கும் அரளி விழுந்தால் யார் பஸ்ஸும் நிற்காது. சிங்கப்பெருமாள் கோவிலில் பழைய மரம் என்று கைகாட்ட வேண்டுமென்றால் நரசிம்மரின் குடைவரைக்குப் பின்னால் போகவேண்டும். குன்றைச் சுற்றி வரும்போது அழிஞ்சில் மரத்தில் வேண்டுதல் கயிறுகள் தொங்கும். அதன் வேருக்குப் பக்கத்தில் இதுவரை யாரும் கேபிள் தோண்டவில்லை.

சித்திரை மாதத்தில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இப்போது மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக ஒரே கோட்டில் நிற்கிறார்கள். சூரியன் நகர நகர அந்தக் கோடும் நகரும். ஆப்பூர்ப் பக்கத்துப் புளியமரத்தின் கிளையெல்லாம் இரண்டே நாளில் அடுப்புக்குப் போய்விட்டது. அடிமரத்தை மட்டும் யாரும் தொடவில்லை, எண் போட்ட மரம், ஏலம் விட்டுத்தான் எடுக்கணும் என்றார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் அது அங்கேயேதான் கிடந்தது. பிறகு ஒருநாள் காணவில்லை. கறிக்கடைக் கட்டைக்குப் புளியைவிட நல்ல மரம் கிடையாது.