பொதுமை இடைச்சேமிப்பின் வடிவமைப்பு: நெல் கொள்முதல் நிலையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒருமுறை தேடி எடுத்த தரவை மறுமுறை தேடாதபடி கைக்கெட்டும் இடத்தில் வைப்பது இடைச்சேமிப்பு; நிரலர் வழக்கில் கேஷ். வன்பொருளுக்கான இக்கருத்தை மாரிஸ் வில்க்ஸ் 1965இல் கட்டுரையாக்கினார். 2004இல் வெளிவந்த ஜாவா 5 ஜெனரிக்ஸ் வசதியைத் தந்தபின், எந்த வகை ஆப்ஜெக்டையும் வகைப் பிழையின்றி ஏற்கும் ஒரே கிளாஸை ஜாவாவில் எழுத முடிந்தது. எனினும் பொதுமை என்பது வகைக்குறியீட்டால் மட்டும் வந்துவிடுவதில்லை. எதை வெளியேற்றுவது என்பதை இடைச்சேமிப்பு முடிவு செய்ய வேண்டும்; எது காலாவதியானது என்பதைத் துறைசார் நிரல் முடிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தஞ்சை டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுவதாகக் கொண்டு இது சோதிக்கப்படுகிறது.

1. களமும் தரவும்

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நிலையத்துக்கு விவசாயி நில உடைமையைக் காட்டும் சிட்டா, சாகுபடியைக் காட்டும் அடங்கல் ஆகியவற்றுடன் வருகிறார். அங்கு தேவைப்படும் தரவு நான்கு: நிலமும் சாகுபடியும், நெல் விலை, அனுமதிக்கப்பட்ட ஈரப்பத வரம்பு, கொண்டுவந்த நெல்லின் ஈரப்பதம். இந்நான்கும் வெவ்வேறு விதமாக மாறுபவை.

2. சாவி

2.1 முழுமை: சேமித்த தரவை மீண்டும் எடுக்க உதவும் அடையாளமே சாவி. நிலப் பதிவை எடுத்துக்கொண்டால், புல எண் 112/2 பல ஊர்களில் இருக்கும். அதை மட்டும் சாவியாக வைத்தால் ஒரத்தநாட்டு வட்டத்து விவசாயிக்குத் திருவையாற்று வட்டத்து வயல் கிடைத்துவிடும். எனவே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஐந்தும் சேர்ந்ததே சாவி. ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் ஆகிய மெத்தடுகள் ஐந்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2.2 காலம்: அடங்கல் பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டுக்கு உரியது; பசலி 1435 தொடங்கியது 2025 ஜூலை 1இல். பசலியையும் சாவியில் சேர்த்தால் பழைய பதிவு புதியதாக வேடம் போட வழியில்லை. அதுவும் போதாது. குறுவை அறுத்த வயலில் தாளடி நடுவது டெல்டா வழக்கம் என்பதால் பருவமும் சாவியில் இடம்பெற வேண்டும். இப்படிக் காலத்தைச் சாவிக்குள் கொண்டுவந்தால், பதிவுத் திருத்தம் நீங்கலாக, நிலம், சாகுபடித் தரவுக்குக் காலாவதிச் சிக்கலே எழுவதில்லை.

2.3 மாறாமை: சேமிக்கும் ஆப்ஜெக்ட் மாற்ற முடியாததாக இருத்தல் வேண்டும். இல்லையேல், பெற்றுக்கொண்ட ஒருவர் செய்யும் மாற்றம் அடுத்துக் கேட்பவருக்கும் போய்ச்சேரும்.

3. செல்லுபடி

3.1 நாள் தெரிந்த மாற்றம்: சன்ன ரக நெல்லுக்கு 2024-25 பருவத்தில் குவிண்டாலுக்கு ரூ.2,450; 2025 செப்டம்பர் 1 முதல் அது ரூ.2,545 ஆனது. 24 மணி நேர ஆயுள் தந்து ஆகஸ்ட் 31 மாலை சேமித்த விலை, மறுநாள் காலையும் செல்லுபடியாகும். 40 கிலோ மூட்டைக்கு விவசாயி இழப்பது ரூ.38. இங்கு தேவை வயது வரம்பு அல்ல, முடிவு நாள்.

3.2 ஆணையால் மாற்றம்: ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 விழுக்காடு; மழையில் நெல் நனையும் பருவங்களில் ஒன்றிய அரசு அதைத் தளர்த்துவதுண்டு. ஆணை வரும் நாளை முன்கூட்டி அறிய இயலாது. ஆணை பதிவானதும் துறைசார் நிரல் பழைய மதிப்பை நீக்கச் சொல்ல வேண்டும்.

3.3 சேமிக்கவே கூடாதது: நெல்லின் ஈரப்பதம் ஒவ்வொரு குவியலுக்கும் புதிதாக அளக்கப்படுவது. அதற்கு இடைச்சேமிப்பில் இடமில்லை.

ஆகவே செல்லுபடி விதியை கிளாஸுக்குள் எழுதாமல், தனி இடைமுகமாக வெளியிலிருந்து தருவதே முறை.

4. வெளியேற்றம்

இடம் நிறைந்தால், எதிர்காலத்தில் மிகத் தாமதமாகத் தேவைப்படுவதை நீக்குவதே உத்தமம் என்பது பெலாடி 1966இல் முன்வைத்த முறை. எதிர்காலம் தெரியாததால், நெடுநேரம் தொடப்படாததை நீக்கும் எல்ஆர்யூ முறை நடைமுறைக்கு வந்தது. கொள்முதல் நிலையத்துக்கு இது பொருந்துகிறது: விலை ஒவ்வோர் எடைக்கும் தொடப்படுவதால் நிலைக்கும், நெல் போட்டுத் திரும்பிய விவசாயியின் பதிவு தானே பின்தங்கி வெளியேறும். வந்த வரிசையில் நீக்கும் முறையோ அன்றாடம் தேவைப்படும் விலையையும் தள்ளிவிடும். வெளியேற்றம் நெல்லைப் பற்றி எதுவும் அறிய வேண்டியதில்லை என்பதால் அதன் இடம் கிளாஸின் உள்ளே.

5. ஒருங்கியக்கமும் தோல்வியும்

சேமிப்பில் இல்லாத ஒரே சாவியை இரு த்ரெட்கள் ஒருசேரக் கேட்டால் ஒன்று மட்டும் தேட, மற்றது காத்திருக்க வேண்டும். ஜாவா 8இன் கன்கரண்ட் ஹாஷ்மேப் இதற்கு வழி தருகிறது. இணையம் அறுந்ததால் வந்த தோல்வியை “பதிவு இல்லை” என்ற விடையாகச் சேமித்தல் ஆகாது. அப்படிச் செய்தால் இணையம் மீண்ட பின்னும் அந்த விவசாயி திருப்பி அனுப்பப்படுவார்.

முடிவுரை

தூய பொதுமை இடைச்சேமிப்பின் வெளிமுகம் சிறியது: தேடும் வழியோடு பெறு, நீக்கு, காலியாக்கு. கொள்ளளவும் செல்லுபடி விதியும் உருவாக்கும்போதே வெளியிலிருந்து தரப்படுபவை. ஆய்ந்த நான்கு தரவுகளில் மூன்று இந்த ஒரே கிளாஸில் அடங்கின. நான்காவதை விலக்கியதும் துறைசார் நிரலின் முடிவே. இடைச்சேமிப்பு கிளாஸுக்குள் நெல், விலை, பசலி என்ற சொற்களில் ஒன்று நுழைந்தாலும் அது பொதுமை இழந்தது என்றே கொள்ளல் வேண்டும்.