ஒரே பருவத்தில் 60 கோல்கள்: எவர்ட்டன் கண்ட டிக்ஸி டீன்

2022-23 பருவத்தில் மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 36 கோல்கள் அடித்தபோது, பிரிமியர் லீக்கில் ஒரு பருவத்தின் மிக அதிக கோல் எண்ணிக்கை என்று உலகமே பேசியது. அது உண்மைதான். ஆனால் பிரிமியர் லீக் தொடங்கியது 1992இல். அதற்கு முன்பும் நூறாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தில் லீக் ஆட்டம் நடந்து வந்தது. அந்த முழு வரலாற்றையும் எடுத்துப் பார்த்தால், முதல்நிலைப் பிரிவில் ஒரே பருவத்தில் அதிக கோல் அடித்தவர் வேறொருவர். 1927-28இல் எவர்ட்டன் கிளப்புக்காக 39 லீக் ஆட்டங்களில் 60 கோல்கள் அடித்த வில்லியம் ரால்ஃப் டீன்தான் அவர். ரசிகர்கள் அவரை 'டிக்ஸி' டீன் என்றார்கள்.

ரயில்வே குடும்பத்துப் பிள்ளை

டீன் 1907 ஜனவரி 22ஆம் நாள் பெர்க்கன்ஹெட் நகரில் பிறந்தார். மெர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல், எதிர்க்கரையில் பெர்க்கன்ஹெட். இரண்டும் துறைமுகமும் கப்பல் பட்டறையும் நிறைந்த தொழிலாளர் ஊர்கள். டீனின் தந்தை ரயில் ஓட்டுநர், எவர்ட்டன் ரசிகர். சிறுவனாக இருந்தபோதே மகனை ஆற்றைக் கடந்து குடிசன் பார்க் அரங்கத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் டீன் ரயில்வே பட்டறையில் வேலை பழகுநராகச் சேர்ந்தார். மற்றவர்கள் தவிர்க்கப் பார்த்த இரவு ஷிப்ட் வேலையை அவர் விரும்பி வாங்கிக்கொண்டார். இரவில் வேலை செய்தால் பகலில் பந்து விளையாடலாம் என்பது அவர் கணக்கு.

பதினாறு வயதில் உள்ளூர் கிளப்பான டிரான்மியர் ரோவர்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. மூன்றாம் டிவிஷனில் ஆடிய அந்த அணிக்காக 30 லீக் ஆட்டங்களில் 27 கோல்கள் அடித்தார். அந்நாளில் தற்காப்பு ஆட்டக்காரர்கள் எதிரணித் தாக்குதல்காரரின் உடம்பைப் பதம் பார்க்கத் தயங்கமாட்டார்கள். ஓர் ஆட்டத்தில் பட்ட உதையால், அறுவை சிகிச்சையில் ஒரு விரையையே இழக்க நேர்ந்தது. அப்போது அவர் இருபது வயதைக்கூடத் தொடவில்லை.

1925 மார்ச்சில் எவர்ட்டன் 3,000 பவுண்ட் கொடுத்து அவரை வாங்கியது. டீனுக்கு வயது 18. சிறுவயதில் தந்தையோடு உட்கார்ந்து பார்த்த அதே திடலில் இப்போது அவர் ஆட்டக்காரர். 1925-26இல், அவருடைய முதல் முழுப் பருவத்தில், 38 லீக் ஆட்டங்களில் 32 கோல்கள்.

பிழைப்பாரா என்ற கேள்வி

1926 கோடையில் வட வேல்ஸ் பகுதியில் டீன் ஓட்டிச் சென்ற மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியது. மண்டை ஓட்டிலும் தாடையிலும் எலும்பு முறிவு. ஒரு நாளுக்கும் மேல் அவருக்கு நினைவு திரும்பவில்லை. உயிர் பிழைப்பாரா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பிழைத்தபின், இனி பந்து விளையாட முடியுமா என்ற கேள்வி வந்தது. முடியாது என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள்.

அவர்கள் தயங்கியதற்குக் காரணம் உண்டு. டீனின் பெரிய பலமே தலையால் முட்டி அடிப்பதுதான். அக்காலப் பந்து கனமான தோலால் ஆனது. மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சி இன்னும் கனக்கும். பந்தைக் கட்டிய தோல் வார் நெற்றியைக் கிழிப்பதும் உண்டு. மண்டை உடைந்து குணமானவர் அந்தப் பந்தைத் தலையால் முட்டப் போகிறார் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

சில மாதங்களிலேயே, அதே ஆண்டு அக்டோபரில், டீன் திடலுக்குத் திரும்பினார். பருவத்தின் ஒரு பகுதியை இழந்தபோதும் லீக்கில் 21 கோல்கள் அடித்தார். அவருடைய தலைக்குள் உலோகத் தகடு இருக்கிறது, அதனால்தான் பந்து அப்படிப் பறக்கிறது என்று ரசிகர்களிடையே கதை கிளம்பியது. அது வெறும் கதைதான். ஆனால் அவர் எவ்வளவு வலுவாகத் தலையால் அடித்தார் என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

கோல் மழைக்கு வழிவிட்ட சட்டம்

டீனின் காலத்தைப் புரிந்துகொள்ள ஒரு விதிமாற்றத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1925 வரை, பந்தைப் பெறும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைடு. தற்காப்பு அணிகள் இதைப் பயன்படுத்தி ஆட்டத்தை நடுத்திடலிலேயே முடக்கின. கோல்கள் குறைந்தன. கூட்டம் குறையுமோ என்று கிளப்புகள் கவலைப்பட்டன.

1925இல் மூன்று என்பது இரண்டாகக் குறைக்கப்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. 1924-25இல் முதல் டிவிஷனில் மொத்தம் 1,192 கோல்கள் விழுந்தன. அடுத்த பருவத்தில் அது 1,703 ஆனது. புதிய விதிக்கேற்பத் தற்காப்பை மாற்றி அமைக்க அணிகளுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில்தான் டீன் உச்சத்துக்கு வந்தார்.

அதனால் அவருடைய சாதனை சுலபமானது என்று சொல்லிவிட முடியாது. அதே விதியின் கீழ்தான் எல்லாத் தாக்குதல் ஆட்டக்காரர்களும் ஆடினார்கள். முதல் டிவிஷனில் வேறு எவரும் 60ஐத் தொடவில்லை.

1928 மே 5

1927-28 பருவம் தொடங்கியதிலிருந்தே டீன் அடங்கவில்லை. முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் கோல் அடித்தார். மான்செஸ்டர் யுனைடெட்டை எவர்ட்டன் 5-2 என்று வென்ற ஆட்டத்தில் ஐந்து கோல்களும் அவருடையவை.

அவருக்கு முன்னால் ஓர் இலக்கு இருந்தது. முந்தைய பருவத்தில்தான் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல்கள் அடித்திருந்தார். கடைசி இரண்டு ஆட்டங்கள் மட்டும் மிஞ்சியிருந்தபோது டீனின் கணக்கு 53. கேம்செலை முந்த இன்னும் ஏழு கோல்கள் வேண்டும். பர்ன்லி அணியின் திடலில் நான்கு அடித்தார். எஞ்சியது மூன்று.

கடைசி ஆட்டம் குடிசன் பார்க்கில், ஆர்சனலுக்கு எதிராக. எவர்ட்டன் லீக் கிண்ணத்தை ஏற்கெனவே உறுதிசெய்துவிட்டது. கூட்டம் வந்தது டீனின் மூன்று கோல்களைப் பார்க்க. ஆர்சனல் முதலில் கோல் போட்டது. சில நிமிடங்களில் டீன் சமப்படுத்தினார். அடுத்து பெனால்டியில் இரண்டாவது கோல். கணக்கு 59. பிறகு ஆர்சனல் சமன் செய்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது, மூன்றாவது கோல் வரவில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது எவர்ட்டனுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. இடப்புறத்திலிருந்து அலெக் ட்ரூப் உயர்த்தி அனுப்பிய பந்தை, கூட்டத்துக்கு நடுவே எழும்பி டீன் தலையால் வலைக்குள் செலுத்தினார். அறுபது! அரங்கம் கொந்தளித்தது. அதன் பிறகு ஆர்சனல் இன்னொரு கோல் போட்டு ஆட்டத்தை 3-3 என்று முடித்தது. அதைக் கவனித்தவர்கள் குறைவு.

அந்தப் பருவத்தில் எவர்ட்டன் லீக்கில் அடித்த மொத்த கோல்கள் 102. பாதிக்கும் மேல் ஒரே ஆளின் கணக்கு. அப்போது டீனுக்கு வயது 21.

விழுந்து எழுந்த கிளப்

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. டீன் அடிக்கடி காயப்பட்டார். 1929-30 பருவத்தில் எவர்ட்டன் கடைசி இடத்துக்குச் சரிந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டீன் கிளப்பை விட்டுப் போகவில்லை. 1930-31இல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை வென்று எவர்ட்டன் மேலேறியது. டீனின் பங்கு 39 கோல்கள். அடுத்த பருவமே முதல் டிவிஷன் பட்டம், அதில் டீனின் பங்கு 45. அதற்கடுத்த ஆண்டு, 1933இல், டீன் தலைமையில் எவர்ட்டன் மான்செஸ்டர் சிட்டியை 3-0 என்று வென்று எஃப்ஏ கிண்ணத்தையும் தூக்கியது. மூன்று ஆண்டுகளில் மூன்று கிண்ணங்கள்.

அந்த எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இறுதியாட்டம் ஒன்றில் ஆட்டக்காரர்கள் முதன்முறையாக எண் பொறித்த சட்டை அணிந்தது அன்றுதான். எவர்ட்டனுக்கு 1 முதல் 11 வரை, சிட்டிக்கு 12 முதல் 22 வரை. டீன் அணிந்தது 9. தாக்குதல் ஆட்டக்காரருக்கு 9ஆம் எண் என்று பிற்பாடு நிலைத்த மரபில் அவர் முதல் வரிசையில் நிற்கிறார்.

இங்கிலாந்து தேசிய அணிக்காக 16 ஆட்டங்களில் 18 கோல்கள். முதல் ஐந்து ஆட்டங்களிலேயே 12 அடித்துவிட்டார். லிவர்பூலுக்கு எதிரான ஆட்டங்களில் மட்டும் 19 கோல்கள். அந்த எண்ணிக்கையைக் கடந்தவர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த லிவர்பூல் வீரர் இயன் ரஷ். டீனைப் பற்றி அந்நகரில் ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். தெருவில் லிவர்பூல் கோல் காவலர் எலிஷா ஸ்காட் எதிரே வந்தாராம். டீன் மரியாதைக்குத் தலையசைத்தாராம். உடனே ஸ்காட் பந்து வருகிறது என்று பாய்ந்துவிட்டாராம். நிஜத்தில் இருவரும் நல்ல நண்பர்கள்.

சம்பளமும் பெயரும்

இவ்வளவு கோல்களுக்கு டீன் எவ்வளவு சம்பாதித்தார்? அந்நாளில் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. பருவத்தில் வாரத்துக்கு 8 பவுண்ட், கோடை விடுமுறையில் 6 பவுண்ட். அறுபது கோல் அடித்தாலும் ஆறு கோல் அடித்தாலும் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது லீக் சட்டம். அரங்கம் நிரம்பி வசூல் குவிந்தது கிளப்புக்கு. ஒரு சாதாரணத் தொழிலாளியின் கூலியைவிட அது அதிகம்தான், ஆனால் முதுமைக்குச் சேர்த்து வைக்கும் அளவுக்கு இல்லை. அந்த உச்சவரம்பு 1961இல்தான் நீக்கப்பட்டது.

'டிக்ஸி' என்ற பெயரும் அவருக்குப் பிடிக்கவில்லை. மாநிறமும் கருமையான சுருள் முடியும் கொண்டவர் என்பதால், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களோடு ஒப்பிட்டு அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். பழகியவர்கள் தம்மை 'பில்' என்று கூப்பிடுவதையே அவர் விரும்பினார். ஊர் வைத்த பெயரோ கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

கடைசி நாள்கள்

பின்னர் பதினேழு வயது டாமி லாட்டனை எவர்ட்டன் வாங்கியது. தம்முடைய இடத்துக்கு வந்த பையன் என்று தெரிந்தும், தலையால் அடிக்கும் வித்தையை டீன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1938 மார்ச்சில் டீன் நாட்ஸ் கவுண்டி அணிக்கு விற்கப்பட்டார். பிறகு அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ் அணியில் சிறிது காலம் ஆடினார். அதன்பின் போர் வந்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

எவர்ட்டன் கணக்கில் அவர் விட்டுச்சென்றது 433 ஆட்டங்களில் 383 கோல்கள். அதில் 37 முறை ஹாட்ரிக். அத்தனை உதை வாங்கியும் ஆட்டத்திலிருந்து ஒருமுறைகூட வெளியேற்றப்பட்டதில்லை.

போருக்குப் பின் செஸ்டர் நகரில் ஒரு மதுக்கடையை நடத்தினார். அதன்பிறகு லிவர்பூலில் லிட்டில்வுட்ஸ் காற்பந்துப் பந்தய நிறுவனத்தில் சாதாரணப் பணியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றார். 1964இல் குடிசன் பார்க்கில் அவருக்காக நடத்திய நன்றி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 36,000 பேர் திரண்டார்கள். 1976இல் நோயால் வலது கால் அகற்றப்பட்டது.

1980 மார்ச் 1ஆம் நாள், எவர்ட்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தைப் பார்க்க டீன் குடிசன் பார்க் வந்திருந்தார். அங்கேயே மாரடைப்பால் காலமானார். வயது 73. அரங்கத்துக்கு வெளியே அவருடைய சிலை 2001இல் நிறுவப்பட்டது. ஆட்டக்காரர், பண்பாளர், எவர்ட்டன்காரர் என்ற மூன்று சொற்களே அதில் அவருக்கான அடைமொழி.

2025இல் எவர்ட்டன் ஆடவர் அணி குடிசன் பார்க்கை விட்டுத் துறைமுகப் பகுதியில் கட்டிய புதிய அரங்கத்துக்கு மாறியது. இன்றைய முதல்நிலைப் பிரிவில் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள்தான், டீன் காலத்தில் 42. இனி அறுபதை எட்ட வேண்டுமானால், ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல், ஒவ்வோர் இரண்டு ஆட்டத்துக்கும் மூன்று கோல்களுக்கு மேல் அடித்துக்கொண்டே போக வேண்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் அது முடியவில்லை.