தேசாதிபதியின் மாளிகை

நேயர்களே, பொல்பிட்டியவிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்பவர் கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று மேடேறிக்கொண்டே போக வேண்டும். ஊரை அடைந்ததும் பெரிய புல்வெளிக்கு அப்பால், வெண்சுவரும் கருமரச் சட்டங்களுமாக ஒரு மாளிகை கண்ணிற்படும். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் ஆங்கிலப் பிரபுக்கள் தம் கிராமங்களிற் கட்டிய இல்லங்களை ஒத்தது அது. இன்று அதன் பெயர் கிராண்ட் ஹோட்டல். அதன் மூலம் பார்ன்ஸ் ஹால் என்னும் ஒரு தனிமனிதரின் வீடு.

அந்த மனிதர் சர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூப் போரில் வெலிங்டன் பிரபுவின் கீழ்ப் பணியாற்றிக் கடுங்காயம் அடைந்தவர். 1824 முதல் 1831 வரை இலங்கையின் தேசாதிபதி. நுவரெலியாவின் குளிர்ந்த காற்று நோயுற்ற வெள்ளைப் போர்வீரருக்கு மருந்தாகும் என்று கண்டு, அங்கே ஆரோக்கிய வாசஸ்தலம் ஒன்றை ஏற்படுத்தினார். தமக்கும் ஒரு வீடு கட்டிக்கொண்டார். போர்வீரரின் நலத்தோடு தம் ஓய்வையும் அவர் மறந்துவிடவில்லை என்க!

ஆனால் நம் மலையக மக்களுக்கு இவரை நினைக்க வேறு காரணம் உண்டு. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டவர் இவர். கோப்பிக்கு ஏற்றுமதி வரியை நீக்கியவரும், கோப்பித் தோட்டங்களில் வேலை செய்தோரை இராசகாரிய ஊழியத்திலிருந்து விலக்கியவரும் இவரே. அதே இராசகாரியத்தைக் கொண்டுதான் கொழும்பு–கண்டி வீதியைப் போட்டார் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. கோப்பி பெருகியது, ஆட்கள் போதவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் பின்னே நம் முன்னோர் கடல் கடந்தனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். பார்ன்ஸ் ஹாலின் கணப்படுப்பையும் இந்த நடைப்பயணத்தையும் ஒரே சரித்திரத்தின் இரு பக்கங்களாகவே நான் பார்க்கிறேன்.

தேசாதிபதி பதவி நீங்கி இந்தியாவில் படைத்தலைவரானார். 1838-இல் இங்கிலாந்தில் இறந்தார். வீடு பிறர் கைக்குப் போயிற்று. இதற்கிடையில் 1869-இல் கோப்பி இலையிற் கண்ட நோய் அந்தப் பயிரையே அழித்தது. அதனிடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் வந்து திரும்பிய கூலியாட்கள், ஆண்டு முழுதும் கொழுந்து தரும் தேயிலைக்காகக் குடும்பத்தோடு லயங்களிற் குடியேறினர்.

1885-இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. அதன் பின் துரைமாரும் கொழும்பு வணிகரும் ஏப்ரல் மாத வெயிலுக்குத் தப்பி மலைக்கு வரத் தொடங்கினர். 1890-களின் தொடக்கத்தில் நுவரெலியா ஹோட்டல்ஸ் கம்பெனி என்னும் நிறுவனம் பழைய மாளிகையைப் பொறுப்பேற்று விடுதியாக்கியது. பிற்காலத்திற் புதுப் பகுதிகள் சேர்க்கப்பட்டன. தேசாதிபதி ஒருவருக்காக மூட்டப்பட்ட நெருப்பில் இப்போது காசு கொடுத்தவரெல்லாம் குளிர்காய்ந்தனர். அந்தக் 'காசு கொடுத்தவரெல்லாம்' என்பதில் நெடுங்காலம் வெள்ளையரே பெரும்பாலோர். 1876-இல் தொடங்கிய ஹில் கிளப்பிலோ சுதேசிகளுக்கு உறுப்புரிமையே இல்லாதிருந்தது.

1948-இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மாளிகைக்கு உரிமை கொண்டாட எவரும் கம்பெனிச் சட்டத்தை நாடலாம்; நான்கு தலைமுறை உழைத்தவருக்கு ஓர் உரிமைப் பத்திரம் கிட்டவில்லை. எஞ்சியோருக்கான பிரசாவுரிமைச் சட்டம் 2003-இலேதான் வந்தது.

இன்று அம்மாளிகை இந்நாட்டவர் கையில் இருக்கிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குச் செல்லும் நேயர்கள் அதன் உள்ளே சென்று ஒரு கிண்ணம் தேநீர் அருந்தலாம். கொழும்பிலே பார்ன்ஸ் பெயரால் ஒரு வீதியும், கடுகண்ணாவையில் அவருடைய வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832-இல் எழுப்பிய கோபுரமும் உள்ளன. மன்னார்–மாத்தளைக் காட்டு வழியில் மாண்டவர்களைத் தேடுவோர் தம் வீட்டு முதியோரைத்தான் கேட்க வேண்டும்.