பட்டாளத்தான் கேட்ட தெரு

சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய சொற்களில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த சுதந்திரம் சின்னச் சின்ன விஷயங்களால் ஆனது. தெருவில் செருப்புப் போட்டு நடப்பது. டீக்கடையில் எல்லாரும் குடிக்கிற கிளாசில் குடிப்பது. தோள்துண்டை எடுக்காமல் ஊரைக் கடப்பது. குளத்தில் இறங்கித் தண்ணீர் மொள்வது. செத்தவரைப் பொதுப்பாதை வழியே தூக்கிப்போவது. 'இதெல்லாம் ஒரு சுதந்திரமா?' என்று கேட்கிறவனுக்கு இவை பிறக்கும்போதே கிடைத்துவிட்டன என்று அர்த்தம்.

இந்தச் சுதந்திரங்களைக் காப்பவன் எல்லையில் நிற்கும் படைவீரன், அவனுக்கு நன்றி காட்டு என்று சொல்றாங்க. அதில் நமக்குத் தயக்கம் இல்லை. அந்த வரிசையில் நம்ம ஆளுங்க ரொம்ப காலமா நிற்கிறாங்க. ஆனால் அவர்கள் காத்த சுதந்திரம் அவர்களுடைய வாசலுக்கு வந்ததா என்பதையும் சேர்த்தே வரலாறு எழுத வேண்டும்.

கும்பினிப் பட்டாளத்தில் பறையர்களும் மகர்களும் சிப்பாய்களாக இருந்தார்கள். பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற படை 1780இல் தொடங்கியது. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவரை உடைப்பது அதன் வேலை. பறையர்கள் அதில் பெருமளவில் சேர்ந்தார்கள். ஊருக்குள் பாதையில் நடக்கக் கூடாதவன் பட்டாளத்துக்குப் பாதை போட்டான்.

1818 ஜனவரி 1இல் கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கும்பினிப் படையிலும் மகர்கள் இருந்தார்கள். அங்கே நிற்கும் தூணில் பொறித்திருக்கும் பெயர்களில் 22 மகர்களுடையவை. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவன் துரோகி என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் நம்மை விடுவிக்கப் போர் செய்யவில்லை, அவன் தன் ராஜ்யத்துக்காகச் செய்தான். ஆனால் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவைத்த பேஷ்வா ராஜ்யத்துக்கு அந்த மகர் எதற்காக விசுவாசமாக இருந்திருக்க வேண்டும்?

பட்டாளம் தந்தது சம்பளம் மட்டுமல்ல. உடுப்பு தந்தது, பென்ஷன் தந்தது, எழுத்து தந்தது. சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் படைப் பள்ளிகள் இருந்தன. அப்படியொரு பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர் சுபேதார் ராம்ஜி சக்பால். 1891இல் மௌ ராணுவ முகாமில் பிறந்த அவருடைய மகன்தான் அம்பேத்கர்.

1890களில் அந்தக் கதவையும் அடைத்தார்கள். ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் சில சாதிகளே 'வீர இனம்' என்றார்கள். நூறு வருஷம் தன் படையில் நின்று செத்தவனை ஒரே உத்தரவில் வீரமற்றவன் ஆக்கினார்கள். ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் லண்டன் வரைக்கும் மனு அனுப்பினார். 1917இல் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மகர் படையை எடுத்தார்கள், 1921இல் கலைத்தார்கள். மறுபடி போர் வந்தது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் அமைந்தது. 1943இல் எடுத்த சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்துவிட்டார்கள். ஆபத்து வந்தா கூப்பிடு, முடிஞ்சா அனுப்பு. இதுதான் கணக்கு.

எங்கள் பெரிய தாத்தாவும் அந்தப் போருக்குப் போனவர்தான். பர்மாப் பக்கம் பாலம் கட்டினார். லீவில் வரும்போது ரயிலடியில் பூட்ஸோடு இறங்குவாராம். ஊர்த்தெரு முனை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாராம். "ஜப்பான்காரன் குண்டுக்குப் பயப்படலடா. இந்தத் தெருவுக்குத்தான் பயந்தேன்" என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தெருவைத் திறக்கவும் போராட்டம் நடந்தது. அதில் துப்பாக்கி இல்லை. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத்தெரு, கிணறு, குளம், அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்றது. பம்பாய் மாகாணத்தில் 1923இலேயே இப்படியொரு தீர்மானம் இருந்தது. மகத் நகரசபை 1924இல் குளத்தைத் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதியது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சிப்பாய்களும் இருந்தார்கள். சாதி இந்துக்கள் திரண்டு வந்து அடித்தபோது, திருப்பி அடிக்கத் தெரிந்த அந்தக் கைகளை அம்பேத்கர்தான் தடுத்து நிறுத்தினார். அவர் கோரேகான் தூணுக்குப் போய் அஞ்சலி செய்ததும் அதே 1927இல்தான், ஜனவரி 1 அன்று. தூணையும் குளத்தையும் அந்த வருஷம் ஒன்றாகச் சேர்த்தது.

நம் அன்றாடச் சுதந்திரங்கள் இந்தப் போராட்டங்களிலிருந்து வந்தவை. கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லி அரசியல் சட்டம் 15ஆம் பிரிவில் எழுதியது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எழுதியதோடு வேலை முடிந்துவிட்டதா?

2016 ஜூனில் காஷ்மீரின் பாம்பூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் நட் சாதியைச் சேர்ந்தவர். அவருடைய உடலைப் பொது நிலத்தில் எரிக்க ஊரின் ஆதிக்க சாதியினர் இடம்தர மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் ஒரு தலித் ராணுவ வீரர் தன் கல்யாணத்துக்குக் குதிரையில் போனார். போலீஸ் காவல் இருந்தும் கல் எறிந்தார்கள். தேசத்தின் எல்லையைக் காக்கிறவருக்குச் சொந்த ஊரின் தெருவில் காவல் வேண்டியிருக்கிறது.

ஆகவே படைவீரனை ஆதரிப்பது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் வேறு. சுவரொட்டியும் கைதட்டலும் போதாது. அவன் வீட்டுக்குப் போகும் பாதை திறந்திருக்க வேண்டும். அவன் மனைவிக்குப் பொதுக்குழாயில் தண்ணீர் கிடைக்க வேண்டும். அவன் செத்தால் பொதுச்சுடுகாட்டில் இடம் இருக்க வேண்டும். இரட்டை கிளாஸ் இருக்கிற டீக்கடையில் தேசியக்கொடி குத்திக்கொண்டு நன்றி சொல்கிறவர்களிடம் இதைக் கேட்போம். அந்தக் கடைக்காரன் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுதுவதும் படைவீரனுக்குச் செய்யும் மரியாதைதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சேரியில் பட்டாளத்துக்காரர் வீடு என்று ஒன்று இருக்கும். தகரப்பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமும் பதக்கமும் கிடக்கும். போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் போர், எந்தப் படை என்று கேளுங்கள். திரும்பி வந்தபோது எந்தத் தெரு வழியாக வந்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.