மரத்த காலுக்கு ஒரு செருப்பு

காலை இழந்தவரைப் பற்றி வடசென்னையில் பேச்சு வந்தால், "சர்க்கரை காலை அரிச்சிடுச்சு" என்பார்கள். விரலை எடுத்திருந்தாலும், பாதத்தை எடுத்திருந்தாலும், முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தாலும் பழி சர்க்கரைமேல்தான் விழுகிறது. மருத்துவமனைச் சீட்டும் ஏறக்குறைய அதையே எழுதுகிறது. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை பாதத்தின் உணர்வை எடுத்துக்கொள்கிறது. பாதத்தையே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அது மிதிக்கும் தரையும், அணியும் செருப்பும், நின்றும் நடந்தும் செய்தாக வேண்டிய வேலையும்தான். இந்த வேறுபாட்டைக் கண்டறிந்த வரலாறு பெருமளவு தமிழ்நாட்டில் நடந்தது. அதன் முதல் ஏடுகளும் பிந்தைய ஏடுகளும் ராயபுரத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த அறிவு இதே கடற்கரையில் வடக்கே இருபது கிலோமீட்டர் தாண்டியுள்ள காட்டுப்பள்ளியின் வேலைத்தளங்களுக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

கால் எரிச்சலும் மதமதப்பும் புதிதாக வந்தவை அல்ல. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, சர்க்கரை நோயையும் உள்ளடக்கிய பிரமேகத்தின் முன்குறிகளைச் சொல்லும் இடத்திலேயே கைகால் எரிவதையும் மரத்துப்போவதையும் குறிப்பிடுகிறது. சர்க்கரையால்தான் நரம்பு கெடுகிறது என்று ஐரோப்பாவில் தெளிவாக எழுதியவர் பிரெஞ்சு மருத்துவர் மார்ஷல் தெ கால்வி, ஆண்டு 1864. அதுவரை நரம்புக் கோளாறுதான் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று தலைகீழாக நம்பியவர்கள் பலர். உடலின் மிக நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனிவரை போகின்றன. அதிகச் சர்க்கரையும் பழுதான நுண்குழாய்களும் முதலில் அவற்றின் கடைக்கோடியைத்தான் தாக்கும். அதனால் உணர்வு போவது விரலில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலேறுகிறது. சிலருக்கு இரவில் பாதம் தீயாய் எரியும். அவர்கள் வலி தாங்காமல் மருத்துவரிடம் வந்துவிடுவார்கள். எதுவுமே தெரியாமல் போகிறவர்களின் நிலைதான் மோசம். நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் விழுந்திருக்கும்; பத்தடி போன பிறகு யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். 1922-இல் இன்சுலின் சிகிச்சைக்கு வரும் முன்பு, கடுமையான சர்க்கரை நோயாளிகள் கால் புண்ணாகும் அளவுக்கு வாழவில்லை. ஆயுள் நீண்ட பிறகுதான் பாதம் பெரிய பிரச்சினையானது. 1930-களில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எலியட் ஜாஸ்லின், கால் அழுகுவது விதியல்ல, தடுக்கக்கூடியது என்று வற்புறுத்தினார். எப்படித் தடுப்பது என்பதற்கான முக்கியமான விடை வேறொரு நோயிலிருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அரசின் தொழுநோய் மருத்துவமனை ராயபுரத்தில் இருந்தது. பஞ்சகாலத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியகாரர் சத்திரமும், அதன் வழியாக வளர்ந்து ஊர் வாயில் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று இன்றும் வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனையும் அதே வட்டாரம். கோட்டையும் பெருநகரமும் தம் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத நோயாளிகளை வடக்கே ஒதுக்கிய காலம் அது. தொழுநோய்க்கான அரசுப்பணி பின்னர் செங்கல்பட்டை அடுத்த திருமணிக்குப் போனது. அங்கே பொறுப்பில் இருந்த ராபர்ட் காக்ரேன், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த ஓர் அறுவை மருத்துவரை 1947-இல் அழைத்துத் தன் நோயாளிகளைக் காட்டினார். அவர் பெயர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையை அவர் பற்றியபோது, அந்தக் கை அவர் கை வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. தசை சாகவில்லை, அழுகவும் இல்லை. பிடி எவ்வளவு இறுகுகிறது என்பது மட்டும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அதுவரை தொழுநோயில் விரல்கள் தாமே உதிர்கின்றன என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டும் உடனிருந்தவர்களும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிப்போனார்கள். சூடான பாத்திரம், செருப்பில் ஏறிய ஆணி, இரவில் வந்து கடித்த எலி என்று ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு காரணம் கிடைத்தது. கிருமி நரம்பைக் கொன்றது. மற்ற சேதமெல்லாம் வலி தெரியாத ஒருவரின் அன்றாட வாழ்க்கை செய்தது.

பாதத்தில் இந்தக் கண்டுபிடிப்பு இன்னும் தீர்க்கமாக வெளிப்பட்டது. நம் கால் வலித்தால் நாம் நொண்டுகிறோம், எடையை மாற்றுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். உணர்வற்ற கால் ஒரே எலும்புமேட்டின்மேல் ஆயிரக்கணக்கான முறை விழுந்துகொண்டே இருக்கும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறும்; காய்ப்பின் அடியில் சதை நசுங்கிக் குழியாகும்; வெளியே தெரியும்போது புண் எலும்புவரை போயிருக்கும். அப்படிப்பட்ட புண்ணுக்கு மருந்தைவிட, பாதத்தைச் சுற்றி ஒட்டப் போடும் மாவுக்கட்டு பலன் தந்தது, ஏனென்றால் அது அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பகிர்ந்தது. புண் ஆறியவர் மறுபடி பழைய செருப்புக்குப் போனால் புண் திரும்பியது. ஆகவே வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் செருப்புத் தைப்பது மருத்துவத்தின் ஒரு பிரிவாயிற்று. நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர், அடியில் முள்ளும் கண்ணாடியும் ஏறாத கெட்டித் தளம், ஆணி அடிக்காத தையல், கழன்று விழாமல் இருக்கக் குதிகாலைப் பிடிக்கும் வார்: ஒவ்வொரு கூறும் யாரோ ஒருவருடைய புண்ணிலிருந்து கற்றது. 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் பார்த்த சர்க்கரை நோயாளிகளின் புண் பாதங்களிலும் வேலூரில் பார்த்த அதே இடங்கள், அதே காய்ப்பு, அதே குழிகள் தெரிந்தன. இன்று உலகெங்கும் பாதத்தைச் சோதிக்கப் பயன்படும், பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையையும் கார்வில் குழுவினர்தான் 1980-களில் பாதத்தைக் காக்கும் உணர்வின் எல்லையைக் காட்டும் அளவுகோலாக நிலைப்படுத்தினார்கள். அந்த இழை குத்துவது தெரியாதவருக்குச் செருப்பில் கிடக்கும் கல்லும் தெரியாது.

இதற்கிடையே ராயபுரத்தில் இன்னொரு தொடக்கம். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது என்று மருத்துவ வரலாறு குறிக்கிறது. 1954-இல் ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையை நிறுவினார். சர்க்கரை நோய் பணக்காரர் வியாதி என்று எண்ணப்பட்ட காலத்தில், துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ரயில்வே ஊழியரும் வாழும் பகுதியில் அது நின்றதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. பின்னாளில் அங்கே பாதத்துக்கென்று தனிக் கவனம் வளர்ந்தது. அதன் மருத்துவர்கள் அடையாற்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, உணர்விழந்த பாதம் கொண்ட 241 பேரிடம் செருப்பின் உள்தளத்தைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. மெத்தென்ற உள்தளம் உள்ள செருப்பு அணிந்தவர்களைவிட, தாங்களே வாங்கிய செருப்பில் நடந்தவர்களுக்குப் புதுப்புண் பலமடங்கு அதிகம் வந்தது. வேலூர்ப் பாடத்தை ராயபுரம் தன் நோயாளிகளிடம் சரிபார்த்துக்கொண்டது என்றே அதைப் படிக்கிறேன்.

இந்த வாதத்துக்கு மருத்துவர்களிடமிருந்தே எதிர்ப்பு உண்டு. தொழுநோயில் ரத்தக்குழாய் கெடுவதில்லை. சர்க்கரை நோயில் கெடும். ரத்தமே ஓடாத பாதத்துக்கு மெத்தைச் செருப்பு என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. புகைப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது உயிர்நாடியான கேள்வியும்கூட. அவர்களுக்குக் குழாய் அடைப்பைப் பார்க்காமல் செருப்பை மட்டும் கொடுப்பது தவறு. ஆனால் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் கால் ரத்தக்குழாய் நோய் இருந்தவர்கள் 6.3 சதவீதம்தான், மேலைநாட்டுக் கணக்குகளைவிட அது மிகக் குறைவு. நம் ஊரில் வெட்டுப்படும் கால்களில் பெரும்பகுதி, நரம்பு மரத்து, காயம்பட்டு, சீழ் பிடித்த கால்கள். இரண்டாவது எதிர்ப்பு, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் நரம்பே கெடாதே, செருப்பு எதற்கு என்பது. 1993-இல் முடிந்த பெரிய அமெரிக்க ஆய்வு, முதல் வகைச் சர்க்கரை நோயில் கடுமையான கட்டுப்பாடு நரம்புச் சேதத்தை ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கும் என்று காட்டியது உண்மை. இங்கே பெரும்பான்மையாக உள்ள இரண்டாம் வகையில் அந்தப் பலன் அவ்வளவு பெரிதாகக் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், போன உணர்வை மீட்டுத் தரும் மாத்திரை எதுவும் இல்லை. எரிச்சலைத் தணிக்கும் மருந்துகள் எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவே. பத்தாண்டு கழித்து வந்து நிற்பவரிடம் கட்டுப்பாட்டை மட்டும் பேசுவது, அவருக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பைப் பேசாமல் விடுவதாகும்.

இப்போது காட்டுப்பள்ளி. ஒருபுறம் கடலும் மறுபுறம் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியுமாக, எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. இந்தக் கரையின் பழைய வேலைகள் எல்லாம் வெறுங்கால் வேலைகள். மணலில் கட்டுமரம் இழுப்பது, வலை இழுப்பது, கழியில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பது எதற்கும் செருப்பு ஒத்துவராது. அப்படியானால் முன்னோர் கால்களை இழக்கவில்லையே என்று கேட்பார்கள். இழக்கவில்லைதான். சிப்பி கிழித்ததும் வலித்தது, முள் ஏறியதும் வலித்தது, உட்கார்ந்து பிடுங்கினார்கள். வலிதான் அவர்கள் அணிந்திருந்த செருப்பு. பதினைந்து ஆண்டு சர்க்கரையோடு வாழ்ந்த பாதத்துக்கு அந்தச் செருப்பு இல்லை. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய். மீன்பிடி குப்பங்கள் அதற்கு விலக்கல்ல.

நிலமும் மாறிவிட்டது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கழியில் சாம்பல் படிந்தது. வலையை விட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளானார்கள். வெறுங்காலுக்குப் பதில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி வந்தது. காலில் விழும் இரும்பிலிருந்து அது காப்பாற்றும்; அதைக் குறைசொல்ல மாட்டேன். உணர்வற்ற விரல்களுக்கு அதே முனைதான் உரசல். ஒரு சுற்றுச் சிறியதாகக் கொடுத்தால் இறுக்கம் தெரியாது. பன்னிரண்டு மணி நேர வியர்வையில் தோல் ஊறும். மாலையில் கழற்றும்போதுதான் ரத்தம் கண்ணில் படும். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான செயல்முறைகளில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று சேர்த்தார்கள். பரிசோதனை என்றால் ரத்த அழுத்தமும் எக்ஸ்ரேயும் காதும் கண்ணும் நினைவுக்கு வருகின்றன. காலுறையைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பது நினைவுக்கு வருவதில்லை. நைலான் இழைச் சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. அண்மையில் அரசு பாதம் பாதுகாப்போம் என்ற பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. அதன் செவிலியர் பை துறைமுக வாசலுக்கும் போக வேண்டும். இழை தெரியவில்லை என்று சொல்லும் தொழிலாளிக்கு, அகன்ற முனையும் மெத்தென்ற உள்தளமும் உள்ள பாதுகாப்புக் காலணியை ஒப்பந்தக்காரர் தன் செலவில் வாங்கித் தர வேண்டும், உணர்வின்மையைக் காரணம் காட்டி அவரை வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் எந்தத் தொழிலாளியும் தன் கால் மரத்திருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டார்.