வாயும் கணக்கேடும்

"பல்கலைக் கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்" - இது 1959-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு இயற்றிய சட்டத்தின் பெயர். பெயரைக் கேட்டதும், கல்விக் கூடத்தின் வாயில் அகலத் திறந்தது போலும் என்று எண்ணத் தோன்றும். திறக்கவில்லை, தோழர்களே, அடைத்தனர்! கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக் கழகங்களில் வெள்ளையரல்லாத மாணவன் காலடி வைக்க அமைச்சரின் இசைவு வேண்டும். இல்லையேல் அவனவன் இனத்துக்கென ஒதுக்கிய கல்லூரிக்குப் போகவேண்டும் என்றது அச் சட்டம். அறிவுக்கும் நிறம் பூசினர்!

1976 ஜூன் 16. ஆப்பிரிகான்ஸ் மொழியைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்துச் சொவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் வந்தனர். விடையாகக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு.

இக் கொடுமைக்கும் கடல்கடந்த அமெரிக்கப் பல்கலைக் கழகங்களுக்கும் என்ன தொடர்பு? பணத் தொடர்பு! நன்கொடையாய்க் குவிந்த செல்வத்தை அவை பெரிய கம்பெனிகளின் பங்குகளில் இட்டிருந்தன. அக் கம்பெனிகளுட் பல தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தின. அந்த அரசுக்கு வரி செலுத்தின. ஆதாயத்தில் ஒரு பகுதி கல்விக் கூடத்துக்குத் திரும்பி வந்தது. விரிவுரை மண்டபத்தில் சமத்துவம். கணக்கேட்டில் நிறவெறியின் வருவாய்!

மாணவர்கள் கணக்கேட்டைப் புரட்டினர். 1977-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாம்ப்ஷயர் கல்லூரி, சிறிய கல்லூரிதான், அப் பங்குகளை முதலிற் கைவிட்டது. பெரியவை தயங்கின. பல்கலைக் கழகம் தன் பணத்தை அரசியற் கருவியாக்கினால் அதன் தன்னுரிமைக்கே கேடு வரும் என்று 1979-இல் வாதிட்டார் ஹார்வர்டின் தலைவர் டெரெக் போக். அவரும் நிறவெறியைக் கண்டித்தவரே. எளிதில் தள்ளத்தக்க வாதமுமன்று. ஆயினும் கேட்போம்: பங்கை விற்பது அரசியலென்றால், வைத்திருந்து ஆதாயம் பெறுவது மட்டும் துறவறமா?

1985 ஏப்ரலில் கொலம்பியா மாணவர்கள் ஹாமில்டன் மண்டபத்தின் வாயிலை மூன்று வாரம் மறித்து அமர்ந்தனர். அக்டோபரில் பங்குகளை விற்க ஆட்சிக் குழு முடிவெடுத்தது. 1986 ஜூலையில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட முதலீட்டை விலக்க இசைந்தது. அதே ஆண்டு அக்டோபரில், குடியரசுத் தலைவர் ரீகன் மறுத்தும், அமெரிக்க நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

பங்கு விற்றதால்தான் விலங்கொடிந்தது என்று நாம் கூறோம். அதனை ஒடித்தவர்கள் அந்த மண்ணின் மக்கள். 1994-இல் வாக்குச் சாவடியில் நெடுவரிசையாய் நின்றவர்களும் அவர்களே. ஒடிக்கும் கையைத் தடுக்கும் பக்கத்தில் தங்கள் கல்விக் கூடத்தின் பணம் நிற்கலாகாது என்றனர் மாணவர்; அவ்வளவே.

வகுப்பறையில் வரலாறு நடத்தும் நாம் இதனையும் சேர்த்தே சொல்லித் தருவோம்: "நாங்கள் நடுநிலை" என்று ஒரு நிறுவனம் நவிலும்போது, அதன் வாயை மட்டும் பாராதீர், கணக்கேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்!